கண்டும் காணாமல்

சேலையூரில் என் அத்தை குடியிருக்கும் தெருவில் சில மாதங்களாக ஒரு மனத்தாங்கல் புகைந்துகொண்டிருந்தது. டீச்சருக்குத் திமிர் வந்துவிட்டது என்று அத்தையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் பாடம் எடுத்தவர். அந்தத் தெருவிலேயே அவரிடம் படித்தவர்கள் நாலைந்து பேர் உண்டு. முன்பெல்லாம் பேர் சொல்லி நிறுத்திப் பேசுவார், இப்போது எதிரே வந்தால் ஒரு சிரிப்புக்கூட இல்லை. "கண்டும் காணாத மாதிரி போறாங்க" என்று எதிர்வீட்டு அம்மா என்னிடமே சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, மனம் நொந்து சொன்னார்.

அத்தை நடையில் தடுமாற்றம் எதுவும் இல்லை. வடிகாலுக்குத் தோண்டிப் போட்ட பள்ளத்தைச் சுற்றிப் போவார். நடுத்தெருவில் படுத்திருக்கும் மாட்டுக்கு ஒதுங்குவார். பக்கவாட்டில் ஸ்கூட்டர் வந்தால் நம்மைக் கையைப் பிடித்து இழுப்பார். மாடு தெரிகிறது, பள்ளம் தெரிகிறது, எதிரே வருகிற மனுஷி முகம் மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? தெரு கேட்டதில் நியாயம் இருந்தது.

எனக்கு விஷயம் பிடிபட்டது தாம்பரம் ரயில் நிலையத்தில். நடைமேடை முனையில் மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. எதிலே ஏறுவது என்று பேசிக்கொண்டிருந்தபோது அத்தை அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "முன்னாடி ஒரு தா தெரியுது, கடைசில ம் தெரியுது. நடுவுல யாரோ ரப்பர் வச்சு அழிச்சிருக்காங்க." நான் திரும்பிப் பார்த்தேன். பலகை புதுப் பெயின்ட்டில் பளிச்சென்று இருந்தது. "பக்கத்துல இருக்கிற கம்பத்தப் பார்த்தா பலகை முழுசா வருது. நேராப் பார்த்தா போயிடுது. வயசானா அப்படித்தானே?" என்றார்.

புரை எடுத்தாயிற்று. மூன்று முறை கண்ணாடி மாற்றியாயிற்று. ஒவ்வொரு தடவையும் பவர் ஏறிவிட்டது என்றே நினைத்திருக்கிறார். வயசானால் அப்படித்தான் என்ற அந்த ஒரு வாக்கியத்தில் அவருடைய இரண்டு வருடங்கள் போய்விட்டன.

அவருக்கு வந்திருந்தது வயது சார்ந்த மாக்குலா சிதைவு. விழித்திரையின் நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவுக்கு, ஏறக்குறைய ஐந்தரை மில்லிமீட்டர் குறுக்களவில், மஞ்சள் பூத்த ஓர் இடம் உண்டு. அதுதான் மாக்குலா. அந்தப் பருப்பின் நடுவே ஒரு கடுகு அளவுக்குக் குழி, ஒன்றரை மில்லிமீட்டர். எழுத்துக் கூட்டிப் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்ப்பது, ஒரு முகத்தை இன்னார் முகம் என்று அறிவது எல்லாமே அந்தக் கடுகின் வேலை. மாட்டையும் பள்ளத்தையும் ஸ்கூட்டரையும் மற்ற விழித்திரை பார்த்துக்கொள்ளும். அத்தைக்குக் கடுகு போய்விட்டது, மிச்சம் இருந்தது. தெரு அதைத் திமிர் என்று வாசித்தது.

அந்த மஞ்சள் நிறம் நம் உடம்பு செய்துகொள்வது அல்ல. லூட்டீன், ஸியாஸாந்தின் என்ற இரண்டு நிறமிகள் கீரையிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் முட்டையின் மஞ்சள் கருவிலிருந்தும் வந்து அங்கே சேர்கின்றன. சாப்பிட்ட முருங்கைக்கீரையில் ஒரு துளி நேராகப் பார்வையின் நடுமையத்துக்குப் போய் உட்கார்ந்து, நீல ஒளியை வடிகட்டிக் கொடுக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை.

இனி, அந்தக் கடுகு ஏன் போகிறது?

ஒளியை உணரும் செல்களுக்குப் பின்னால் ஒற்றை அடுக்காக நிறமிச் செல்கள் பாவியிருக்கின்றன. ஒளி உணர் செல் ஒவ்வொன்றும் தன் நுனியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை நாள்தோறும் உதிர்க்கிறது, அடியில் புதிதாக வளர்த்துக்கொள்கிறது. உதிர்ந்ததை அள்ளி விழுங்கிச் செரிப்பது நிறமிச் செல்லின் பொறுப்பு. ஒரு நிறமிச் செல்லுக்கு முப்பது ஒளி உணர் செல்கள் வரை கணக்கு. ஞாயிறு விடுமுறை கிடையாது. அதோடு இந்தச் செல்கள் பிறந்த பிறகு பெருகுவதும் இல்லை. எழுபத்து நான்கு வயது டீச்சரின் கண்ணில் இன்று வேலை பார்ப்பவை, அவர் பிறந்த அன்று வேலைக்குச் சேர்ந்தவை. டீச்சருக்கு ஓய்வூதியம் வந்துவிட்டது, அவற்றுக்கு இல்லை.

செரித்த மிச்சத்தை நிறமிச் செல்கள் தமக்கடியில் இருக்கும் மெல்லிய ப்ரூக் சவ்வின் வழியாக ரத்த நாளங்களுக்கு அனுப்பிவிட வேண்டும். வயது ஏற ஏற அந்தச் சவ்வு கொழுப்பேறித் தடிக்கிறது. வடிய வேண்டியது வடியாமல் சிறு சிறு மேடுகளாகத் தங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நெதர்லாந்தின் கண் மருத்துவர் ஃப்ரான்சிஸ்கஸ் டொண்டர்ஸ் இந்த மேடுகளை விவரித்தார். ட்ரூசன் என்ற ஜெர்மன் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்த்தால் வெளிர்மஞ்சள் புள்ளிகளாகத் தெரியும்.

தாம்பரத்துக்காரர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். கன்னடபாளையம் குப்பைமேட்டை நாங்கள் வருடக்கணக்காகப் பார்த்தவர்கள். அள்ளுகிற வேகத்தைவிடச் சேருகிற வேகம் கூடினால் என்ன ஆகும் என்று தெரியும். அதற்கடுத்த கட்டத்தையும் தென்சென்னை பார்த்திருக்கிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு தீப்பிடித்துப் பல நாள் எரிந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல் புகை படுத்துக் கிடந்தது. தேங்கிய குப்பை நாறுவதோடு நிற்பதில்லை, தனக்குள் சூடேறிப் பற்றிக்கொள்ளவும் செய்யும்.

மாக்குலாவில் நடப்பதும் அதுதான். உடம்பின் தீக்கு நம் மருத்துவத் தமிழில் அழற்சி என்று பேர். அழல் என்றால் நெருப்பு. அந்தச் சொல்லை உண்டாக்கியவர்கள் எந்த நுண்ணோக்கியையும் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் சொல் சரியாக விழுந்திருக்கிறது.

பல காலம் ட்ரூசனை வெறும் கழிவு என்றே கருதினார்கள். 1990-களிலும் 2001-ஐ ஒட்டியும் அமெரிக்காவில் கிரகரி ஹேகமன், டான் ஆண்டர்சன் முதலானோர், இறந்தபின் தானமாகக் கிடைத்த கண்களிலிருந்து ட்ரூசனைப் பிரித்து அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். கொழுப்பு இருந்தது. கூடவே, எதிர்பாராத விதமாக, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் புரதங்கள் இருந்தன. குப்பைமேட்டைத் தோண்டினால் துப்பாக்கித் தோட்டாக்கள் கிடைத்தது போல. அங்கே ஏதோ சண்டை நடந்திருக்கிறது. யாரோடு யாருக்குச் சண்டை?

நோய் எதிர்ப்பைப் பற்றிப் பேச தாம்பரத்தைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் குறைவு. சானடோரியம் என்பது எங்களுக்கு ஒரு ரயில் நிலையத்தின் பெயர், பேருந்து நிறுத்தத்தின் பெயர். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக அங்கே காற்றோட்டமான விடுதிகளைக் கட்டினார். அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் அவர் ஒரு சானடோரியம் நடத்தியபோது, அங்கே அவரிடம் சிகிச்சைக்கு இருந்தவர்களில் ஒருவர் கணித மேதை ராமானுஜன். 1937-ல் தாம்பரம் மருத்துவமனையை அரசு ஏற்றுக்கொண்டது. அரை நூற்றாண்டு கழித்து, 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் இந்தியாவில் எச்ஐவி இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தார். 1993-லிருந்து எச்ஐவி நோயாளிகளை வாங்கிக்கொண்டது அதே தாம்பரம் மருத்துவமனை. பிற இடங்களில் தொடவே தயங்கிய காலம் அது. 2004 ஏப்ரலில் அரசு இலவச எச்ஐவி மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று.

அந்த வார்டுகளில் கண் போனவர்களும் இருந்தார்கள். பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் சைட்டோமெகலோ என்ற வைரஸ் ஒரு தொந்தரவும் செய்யாமல் ஒடுங்கிக் கிடக்கிறது. எச்ஐவி முற்றி, காவல் செல்களான சிடி4 எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 50-க்கும் கீழே போகும்போது அது எழுந்து விழித்திரையைத் தின்ன ஆரம்பிக்கும். காவல் இல்லாமல் கண் போவது அது.

அத்தைக்கு நேர்மாறு. அவருடைய காவலாளி விழித்துத்தான் இருந்தான். வீட்டுக்காரரையே திருடன் என்று அடித்துக்கொண்டிருந்தான். "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று எழுதிய பொடியும் மாத்திரையும் இன்று எந்தக் கடையிலும் கிடைக்கிறது. எதிர்ப்புச் சக்தி என்றால் கூட்டிக்கொண்டே போக வேண்டியது என்ற எண்ணம் நம் மனதில் ஊறிவிட்டது. அது தவறு. அடிக்கத் தெரிவது அதில் பாதிதான், விடத் தெரிய வேண்டியது மறுபாதி.

ட்ரூசனில் கிடைத்த தோட்டாக்களுக்கு நிரப்புப் புரதங்கள் என்று பெயர். ரத்தத்தில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கும் முப்பதுக்கு மேற்பட்ட புரதங்களின் கூட்டம். 1890-களில் பாரிஸில் ஜூல் போர்டே, கிருமியை அழிக்கும் சீரத்தைச் சிறிது சூடாக்கினால் அதன் வீரியம் போய்விடுவதைக் கவனித்தார். சூட்டைத் தாங்கும் எதிர்ப்பொருள் ஒன்று, தாங்காத வேறொன்று, இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கிறது. அந்த வேறொன்றுதான் நிரப்பி. 1919-க்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இன்றும் ஆய்வகங்களில் சீரத்தை 56 டிகிரியில் அரை மணி நேரம் வைப்பது இந்தப் புரதங்களை அடக்குவதற்குத்தான்.

எதிர்ப்பொருள் போய்க் கிருமியை அடையாளம் காட்டினால் நிரப்பிகள் வந்து தாக்கும் என்பது பழைய பாடம். அமெரிக்காவின் க்ளீவ்லாந்தில் லூயி பில்லமர் 1954-ல் அதை மறுத்தார். யாரும் அடையாளம் காட்டாமலே நிரப்பிகள் தாமாகக் கிளம்ப இன்னொரு வழி இருக்கிறது என்றார், அதில் பங்குபெறும் ப்ராப்பர்டின் என்ற புரதத்தையும் காட்டினார். முதலில் கொண்டாடினார்கள். பிறகு, அது சிறிதளவு எதிர்ப்பொருளின் கைவரிசைதான், புதுவழி ஒன்றும் இல்லை என்ற மறுப்பு வலுத்தது. 1957-ல், 49 வயதில் பில்லமர் இறந்துபோனார். அவர் சொன்னது சரி என்று அடுத்த இருபது வருடங்களில் ஒவ்வொன்றாக நிரூபணமாயிற்று. மாற்றுவழி என்று இன்று மாணவர்கள் படிப்பது அதைத்தான். என் அத்தையின் கண்ணைப் பறித்த நோயின் திறவுகோல் அந்த மாற்றுவழியில் இருக்கிறது என்பதால் பில்லமரை இங்கே நினைத்துக்கொள்ளாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

மாற்றுவழி வேலை செய்யும் விதம் அச்சமூட்டுவது. சி3 என்ற புரதம் ரத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே உடைந்துகொண்டே இருக்கிறது. உடைந்த துண்டு அருகில் எது இருந்தாலும் ஒட்டிக்கொள்ளும், கிருமியா நம் செல்லா என்று பார்க்காது. ஒட்டிய துண்டு மற்ற சி3-களை உடைக்கும் கத்தரியாக மாறும். ஒன்று பலவாகும், பல ஆயிரமாகும். கடைசியில் சில புரதங்கள் வளையமாகக் கூடிச் செல்லின் சவ்வில் துளை போடும். செல் உள்ளே நீர் புகுந்து சாகும். கிருமி என்றால் நல்லது. ஆனால் இந்தத் துண்டுகள் நம் செல்களின் மேலும் ஒவ்வொரு நிமிடமும் விழுந்துகொண்டிருக்கின்றன. நாம் ஏன் உருகிப்போகவில்லை?

ஏனென்றால் எச் காரணி என்ற புரதம் இருக்கிறது. பெரும்பாலும் ஈரலில் உற்பத்தியாகி ரத்தத்தில் சுற்றுகிறது. இருபது மணிகளை நூலில் கோத்தது போன்ற உருவம். நம் செல்களின் மேல் பூசியிருக்கும் சில சர்க்கரைச் சங்கிலிகளை அது தடவி அறியும். இது நம் ஆள் என்று தெரிந்தால் அங்கே அமர்ந்து, ஒட்டியிருக்கும் சி3 துண்டை முடக்கிவிடும். கிருமியின் மேல் அந்தச் சர்க்கரை இல்லை, எனவே அங்கே தாக்குதல் தொடரும். நம் வீட்டுப் பெரியவர்கள் சில விஷயங்களைக் கண்டும் காணாமல் விடுவார்கள். பார்க்காமல் அல்ல, நன்றாகப் பார்த்து, நம்மவர் என்று தெரிந்து விடுவார்கள். உடம்பில் அந்தப் பெரியதனத்தைச் செய்வது எச் காரணி.

2005-ம் வருட வசந்த காலத்தில் சயன்ஸ் இதழில் மூன்று ஆய்வுக் கட்டுரைகள் சேர்ந்து வந்தன. யேல் பல்கலைக்கழகத்தின் ஜோசஃபின் ஹோ குழு, 96 நோயாளிகளையும் நோயில்லாத 50 பேரையும் எடுத்துக்கொண்டு, டிஎன்ஏவில் ஆளுக்கு ஆள் மாறும் ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் இடங்களை ஒப்பிட்டது. எங்கே தேட வேண்டும் என்ற முன்முடிவு எதுவும் இல்லை. மரபணுத் தொகுப்பு முழுவதையும் இப்படி வலைவீசித் தேடி உருப்படியாக ஒன்றைப் பிடித்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. வெறும் 146 பேரை வைத்து அது முடிந்தது என்றால் கிடைத்த மீன் அவ்வளவு பெரிது என்று பொருள். மற்ற இரண்டு குழுக்கள் வேறு வழியில் போய் அதே இடத்தில் வந்து நின்றன. சில வாரங்களில் ஹேகமனின் குழுவும் அதையே சொன்னது.

அந்த இடம், முதலாம் குரோமோசோமில் எச் காரணியின் மரபணு. டி என்று இருக்க வேண்டிய ஓர் எழுத்து சி என்று மாறியிருந்தது. அதனால் புரதத்தில் 402-ம் அமினோ அமிலம் டைரோசினுக்குப் பதில் ஹிஸ்டிடின். இருபது மணிகளில் ஏழாவது மணி. பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்தச் சி வந்தால், ஒருவரிடமிருந்தும் வராதவரைவிட நோய்க்கான வாய்ப்பு ஐந்து முதல் ஏழு மடங்கு. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே.

ஏழாவது மணிக்கு என்ன சிறப்பு? ப்ரூக் சவ்வில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலியைப் பிடிப்பதில் அதற்குப் பங்கு உண்டு. ஹிஸ்டிடின் வந்தால் பிடி தளர்கிறது. வயதாகும்போது சவ்வில் அந்தச் சங்கிலிகளே குறைகின்றன. பிடிக்கும் கையும் தளர்ந்து, பற்றுக்கோடும் குறைந்தால், கண்டும் காணாமல் விடச் சொல்ல அங்கே ஆள் இல்லை. 2011-ல் வியன்னாவின் கிறிஸ்டோஃப் பிண்டர் குழு இன்னொன்றையும் காட்டியது. கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும்போது மேலோண்டியால்டிஹைடு என்ற பொருள் உண்டாகிறது. பலமுறை காய்ச்சிக் காறிப்போன எண்ணெயில் இருப்பதும் அதுதான். விழித்திரை கொழுப்பு நிறைந்தது, ஒளியும் ஆக்சிஜனும் நாள் முழுக்கப் படுவது. அங்கே உண்டாகும் அந்தப் பொருளைப் பிடித்து அழற்சி மூளாமல் ஆற்றிவைப்பதும் எச் காரணியின் வேலை. 402-ல் ஹிஸ்டிடின் இருப்பது அதையும் சரியாகச் செய்வதில்லை.

பின்னோக்கிப் பார்த்தால் தடயம் முன்பே இருந்தது. எச் காரணி கட்டுக்குள் இல்லாததால் சிறுநீரகத்தில் சி3 படியும் ஓர் அரிய நோயில், இளம் வயதினரின் கண்ணிலேயே ட்ரூசன் தென்படுவதை மருத்துவர்கள் பதிவு செய்திருந்தார்கள். சிறுநீரகத்தையும் முதுமைக் குருட்டையும் சேர்த்து யோசிக்க அப்போது பலருக்கும் தோன்றவில்லை.

மாக்குலா சிதைவு வெள்ளைக்காரர் நோய் என்ற எண்ணம் நம் ஊரில் நீண்ட காலம் இருந்தது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தின் இந்தர்ஜீத் கவுர், சுபபிரத சக்கரவர்த்தி குழு 2006-லேயே இந்திய நோயாளிகளிடம் பார்த்து, அதே 402-ம் இட மாற்றம் இங்கும் குற்றவாளி என்று அறிவித்தது. சீன, ஜப்பானிய மக்களிடம் அந்த எழுத்து அரிது. நம்மிடம் அப்படி அரிதல்ல. மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் அரவிந்த் மருத்துவமனை நடத்திய கணக்கெடுப்பு 2004-ல் வெளியானது: 40 வயது கடந்தவர்களில் 2.7 சதவீதம் பேருக்கு ஆரம்பநிலை, 0.6 சதவீதம் பேருக்கு முற்றிய நிலை. டாக்டர் பத்ரிநாத் 1978-ல் சென்னையில் தொடங்கிய சங்கர நேத்ராலயா, பின்னாளில் 60 வயது கடந்தவர்களை மட்டும் நகரத்திலும் கிராமத்திலும் பரிசோதித்தபோது, முற்றிய நிலை இரு இடத்திலும் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேலே இருந்தது. நூற்றுக்கு இரண்டு சின்ன எண்ணாகத் தோன்றலாம். குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் என்று வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் வீடு கட்டி நிறைந்த ஊர்கள் இவை. காலை ஆறு மணிக்கு சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடப்பவர்களைப் பார்த்தாலே கணக்கு விளங்கும்.

இத்தனை பாதகமான ஓர் எழுத்து ஏன் மனித இனத்தில் அழியாமல் தங்கியது? நோய் வருவது பிள்ளை பெற்றுப் பேரன் பார்த்த பிறகு என்பதால் இயற்கைத் தேர்வு அதைக் களையவில்லை என்பது சுலபமான பதில். அதைவிடச் சுவையான ஒன்றும் உண்டு. எச் காரணி நம்மவருக்கான அடையாள அட்டை என்பதைக் கிருமிகளும் கண்டுகொண்டன. தொண்டைப்புண்ணையும் வாதக்காய்ச்சலையும் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், தன் மேல் ஒரு கொக்கியை வளர்த்து ரத்தத்தில் போகும் எச் காரணியைப் பிடித்துப் போர்த்திக்கொள்கிறது. மூளைக்காய்ச்சல் கிருமியான மெனிங்கோகாக்கஸும் அப்படியே. அந்தக் கொக்கிப் புரதத்தையே எடுத்து அதன் பி வகைக்குத் தடுப்பூசி செய்திருக்கிறார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸின் கொக்கி மாட்டும் இடங்களில் ஒன்று அதே ஏழாவது மணி. ஹிஸ்டிடின் இருந்தால் கொக்கி சரியாக மாட்டுவதில்லை. ஆக, எழுபது வயதில் அத்தையின் கண்ணைக் கெடுத்த எழுத்து, ஏழு வயதில் எவருடைய முன்னோரையோ காய்ச்சலிலிருந்து காப்பாற்றியிருக்கலாம் என்று கருத இடமிருக்கிறது. கெட்ட மரபணு என்று சட்டெனச் சொல்லிவிட நான் இப்போது தயங்குகிறேன்.

எச் காரணி மட்டும் காரணம் அல்ல. பத்தாம் குரோமோசோமில் ஏஆர்எம்எஸ்2, எச்டிஆர்ஏ1 என்று அடுத்தடுத்த வீடுகள் போல இரண்டு மரபணுக்கள். அந்த வட்டாரத்து மாற்றமும் ஏறக்குறைய அதே அளவுக்கு ஆபத்து. இரண்டும் சேர்ந்தே மரபில் இறங்குவதால் இரண்டில் எது உண்மைக் குற்றவாளி என்று ஆய்வாளர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். 2016-ல் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்று 16,144 நோயாளிகளை ஆராய்ந்து, 34 இடங்களில் 52 மாற்றங்களைப் பட்டியலிட்டது. அதில் சி3, சி9, பி காரணி, ஐ காரணி என்று நிரப்புப் புரதக் குடும்பமே திரண்டு நின்றது.

அத்தை மகளுக்கு ஐம்பத்தொன்று. இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப எனக்கும் வருமா?"

வரலாம். வராமலும் போகலாம். அமெரிக்காவில் இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வில், இந்நோயில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 46 முதல் 71 சதவீதம் வரை மரபால் வருவது என்று கணித்தார்கள். மிச்சம் வாழ்கிற விதத்திலிருந்து வருகிறது. இரண்டு சி உள்ளவர்களில் பலர் தொண்ணூறு வயதிலும் பேப்பர் படிக்கிறார்கள், ஒரு சியும் இல்லாதவருக்கும் நோய் வருகிறது. கன்னத்தைத் துடைத்து அனுப்பினால் மரபணு சொல்கிறோம் என்பவர்கள் பெருகிவிட்டார்கள். இந்த நோய்க்கு அதை வழக்கமான பரிசோதனையாகச் செய்ய வேண்டாம் என்பது அமெரிக்கக் கண் மருத்துவர் கழகத்தின் அறிவுரை. முடிவு எப்படி வந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றேதான் என்பதால் எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

புகை வேண்டாம். நம் கையில் இருப்பவற்றில் இதற்கு நிகராக வேறொன்றும் இல்லை. புகைப்பவருக்கு ஆபத்து இரண்டிலிருந்து நான்கு மடங்கு. சிகரெட் புகை சி3-ஐ நேரடியாகவே கிளப்பிவிடுவதைச் சோதனைக்குழாயில் பார்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே பிடி தளர்ந்த எச் காரணி உள்ளவர் புகைத்தால் பெருங்குடிக் கிடங்கில் தீக்குச்சி போடுவதற்குச் சமம். கீரையும் பழமும் சாப்பிட வேண்டும். புதுச்சேரியை ஒட்டிய பகுதியில் 60 கடந்தவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 45.7 சதவீதம் பேருக்கு வைட்டமின் சி பற்றாக்குறை இருந்தது. நெல்லிக்காயும் கொய்யாவும் மலிவாகக் கிடைக்கும் மண்ணில் இந்த எண் என்னை மிகவும் வருத்துகிறது. பல் இல்லாத வயதில் கொய்யாவைக் கடிக்க முடியாது என்று யாரும் நறுக்கி மசித்துக் கொடுப்பதில்லை போலும்.

நோய் இடைநிலையில் இருப்பவர்களுக்கு, வைட்டமின் சி, ஈ, துத்தநாகம் முதலியன சேர்ந்த ஒரு குறிப்பிட்ட கலவை, முற்றிய நிலைக்குப் போகும் வாய்ப்பை ஐந்து வருடத்தில் கால் பங்கு குறைத்தது என்று 2001-ல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அதில் பீட்டா கரோட்டின் இருந்தது, அது புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயைக் கூட்டும் என்பதால் 2013-ல் லூட்டீனுக்கு மாற்றினார்கள். நோயில்லாதவர் வாங்கி விழுங்கிப் பயனில்லை.

அத்தையின் வலது கண்ணில் உலர் வகை. நிறமிச் செல்கள் திட்டுத்திட்டாகச் செத்து, விழித்திரைப் படத்தில் தேசப்படம் போலக் கரையிட்டுத் தெரிகிறது. இடது கண்ணில் ஈர வகை. மூச்சுத் திணறும் விழித்திரை விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து புது நாளங்களை அழைக்கிறது. வருவது அவசரத்தில் கட்டிய நாளங்கள், ஒழுகும். ஈர வகைக்கு மருந்து இருக்கிறது. விஇஜிஎஃபைப் பிடித்துக் கட்டும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள். ரானிபிஸுமாப் 2006-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் நிகர்மருந்தை உலகிலேயே முதலில், 2015-ல், விற்பனைக்குக் கொண்டுவந்தது அகமதாபாத்தின் இண்டாஸ் நிறுவனம். புற்றுநோய்க்கான பெவாசிஸுமாபைச் சிறு அளவாகப் பிரித்துப் போடுவது இன்னும் மலிவு.

இங்கேதான் நம் குடும்பங்கள் சறுக்குகின்றன. மூன்று ஊசி போட்டதும் நீர் வற்றுகிறது, பார்வை சற்றுத் தெளிகிறது. "தண்ணி வத்திடுச்சுன்னு சொன்னாங்களே, இன்னும் எதுக்கு ஊசி?" என்ற கேள்வி வருகிறது. மகளுக்கு மாதமொரு லீவு, ஆட்டோ, செலவு. நிறுத்திவிடுகிறார்கள். நாளம் மறுபடி ஒழுகி, வடு விழுந்து, அந்தக் கண் திரும்பாமல் போகிறது. அத்தை விஷயத்திலும் நான்காவது ஊசிக்கு இரண்டு மாதம் தள்ளிப்போனது. அதில் என் சோம்பலும் உண்டு. அந்த இரண்டு மாதத்தில் போன எழுத்துகள் திரும்பவில்லை.

உலர் வகைக்கு, பில்லமர் காட்டிய வழியையே அடைக்கும் மருந்துகளைத் தேடினார்கள். மாற்றுவழியின் டி காரணியைத் தடுக்கும் லாம்பலிஸுமாப் 2017-ல் பெரிய பரிசோதனைகளில் தோற்றது. 2023-ல் இரண்டு மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன: சி3-ஐத் தடுக்கும் பெக்செட்டாகோப்லான், சி5-ஐத் தடுக்கும் அவாசின்காப்டாட். இரண்டும் செத்த திட்டு பரவும் வேகத்தை மட்டும் குறைக்கின்றன, போன பார்வையைத் தருவதில்லை. நோயாளியின் அன்றாடப் பார்வைக்குப் போதிய நன்மை தெரியவில்லை என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு முதல் மருந்தை ஏற்கவில்லை. மரபணு கிடைத்து இத்தனை வருடங்களில் இவ்வளவுதானா என்று கேட்டால், எச் காரணியின் வேலையை எடுத்துச் செய்யும் மருந்து இன்னும் வரவில்லை. இப்போது இருப்பவை சண்டை முழுவதையும் நிறுத்தப் பார்க்கின்றன, ஆளறிந்து விடுவதில்லை.

அத்தை மகள் இப்போது வாரம் ஒருமுறை ஜன்னல் கம்பியின் முன் நிற்கிறாள். ஒரு கண்ணைக் கையால் மூடி மறு கண்ணால் நடுக்கம்பியைப் பார்க்க வேண்டும், பிறகு மாற்ற வேண்டும். கம்பி வளைந்தாலோ நடுவில் அறுந்தாலோ அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். அவள் அம்மாவுக்கு முதல் கண் போனது அப்படித்தான் தெரியாமல் போயிருக்கிறது.

எதிர்வீட்டு அம்மாவிடம் நான் போய் விவரம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை.

சென்ற மாதம் அத்தையை ஊசிக்கு அழைத்துப்போய்த் திரும்பும்போது தாம்பரம் நடைமேடையில் உட்கார்ந்திருந்தோம். பேச்சுக்கு நடுவே அவர் என் முகத்தைப் பார்க்காமல் என் இடது காதுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஏதாவது இருக்கிறதா என்று நானும் திரும்பினேன்.

"திரும்பாத. உன்னத்தான் பாக்குறேன்" என்றார். கடுகு போன இடத்துக்குப் பக்கத்தில், பிழைத்திருக்கும் விழித்திரையில் ஓர் ஓரத்தை அவர் தாமாகவே தேடிப் பழக்கிக்கொண்டிருக்கிறார். காதைப் பார்த்தால் முகம் வருகிறதாம்.

"இளைச்சுட்ட. நேரத்துக்குச் சாப்பிடுறியா?" என்று என் காதைப் பார்த்துக் கேட்டார்.